அடைமழை விளக்கு

(திருவண்ணாமலையில் ஒரு புரட்டாசி மாலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சோலார் விளக்கு செய்யக் கற்றுத்தருகிறேன் என்று சொல்லிவிட்டு அடைமழை என்று தலைப்பு வைத்தால் எப்படி என்று வாசலிலேயே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். காரணத்தோடுதான் வைத்தேன். சோலார் பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லோரும் வெயிலைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நம்மூரில் வெயிலுக்கு என்ன பஞ்சம்? சித்திரை மாதத்து மதியத்தில் கிரிவலப் பாதையில் செருப்பில்லாமல் பத்தடி நடந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த மாதத்தில் மட்டமான பேனலும் எரியவைக்கும், கிழட்டு பேட்டரியும் தாக்குப்பிடிக்கும். விளக்குக்குப் பரீட்சை ஐப்பசியிலும் கார்த்திகையிலும். மூன்று நாள் சூரியன் தலைகாட்டாது, கரண்ட்டும் இருக்காது. அன்றைக்கு எரிகிறதா, அதுதான் விளக்கு. கடையில் விற்கிற பல விளக்குகள் அன்றைக்குத்தான் கைவிடும்.

2024-ஐ இந்த ஊர் மறக்காது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. கடற்கரைக்காரர்களுக்குத்தான் கவலை என்று இருந்தோம். அது உள்ளே வந்து நின்று கொட்டியது. டிசம்பர் 1 அன்று வ.உ.சி. நகரில் மலையடிவாரத்து மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின் மேல் விழுந்தன. ஏழு பேர் போய்விட்டார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். கையில் ஒரு விளக்கு இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது அநியாயம். பாறை விழுந்ததற்கும் விளக்குக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் அந்த மாதிரி இரவில் பக்கத்து வீட்டுக்காரர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்க வேண்டும், தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும், முதியவருக்கு மாத்திரை எடுத்துத்தர வேண்டும். மழை வலுத்தால் கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தத்தான் வேண்டும், அறுந்த கம்பியில் யாரும் கால் வைத்துவிடக் கூடாது. அந்த இருட்டுக்கு நாமே ஒரு விளக்கு செய்வோம் என்பதுதான் இன்றைய பேச்சு.

இந்த ஊரில் சூரியனைப் பற்றிப் பேசும்போது வினிஷா உமாசங்கரைச் சொல்லாமல் இருக்க முடியாது. தெருவில் துணி தேய்க்கிறவர் வண்டியில் கரி எரிவதையும், எரிந்து முடிந்த கரியைக் கொட்டுவதையும் பார்த்த பள்ளி மாணவி, வண்டிக் கூரையில் சோலார் பேனல் வைத்து இஸ்திரி வண்டி ஒன்றை வடிவமைத்தார். 2020-இல் ஸ்வீடனின் குழந்தைகள் பருவநிலைப் பரிசு. 2021-இல் எர்த்ஷாட் பரிசின் இறுதிச் சுற்று. அதே ஆண்டு நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னால் பேச்சு. அவருடைய கணக்கு, நல்ல வெயிலில் ஐந்து மணி நேரம் சார்ஜ் ஏறினால் ஆறு மணி நேரம் தேய்க்கலாம் என்பது. கைதட்டுங்கள், தகும்.

மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் எடுத்துக்கொண்டது கஷ்டமான வேலை. இஸ்திரிப் பெட்டிக்கு வேண்டியது சூடு. சூடு உண்டாக்க மின்சாரம் நூற்றுக்கணக்கான வாட்டில் போகும். அதனால் பெரிய பேனல், பெரிய பேட்டரி, வண்டி. வெளிச்சம் அப்படி இல்லை. ஒரு வாட் மின்சாரத்தில் இன்றைய எல்.இ.டி. நூறு லூமென் அளவுக்கு வெளிச்சம் தரும். நம் பாட்டிமார் மண்ணெண்ணெய் ஊற்றி எரித்த காடா விளக்கு பத்து லூமென் தந்தால் அதிகம். சூரியனிடம் கேட்கக்கூடிய வேலைகளிலேயே ஆகச் சுலபமானது விளக்கு எரிப்பதுதான். அதனால்தான் தைரியமாக வீட்டிலேயே செய்யுங்கள் என்கிறேன்.

இதை முன்னால் யாரும் செய்யாமல் இல்லை. 2011-இல் தமிழ்நாடு அரசு பசுமை வீடுகள் திட்டம் கொண்டுவந்தது. 300 சதுர அடி வீடு, அதில் சூரிய சக்தியில் எரியும் ஐந்து விளக்குகள். அன்றைக்கு சி.எஃப்.எல். பல்பு. நல்ல எண்ணம். ஆனால் எந்தத் திட்டத்திலும் விளக்கைக் கொடுப்பது ஒரு நாள் வேலை, பிறகு பத்து வருஷம் அதைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஆள் வேண்டும். இதைச் சரியாகப் பிடித்தவர்கள் ராஜஸ்தானத்துத் திலோனியாவில் இருக்கும் பேர்ஃபுட் கல்லூரிக்காரர்கள். பங்கர் ராய் 1972-இல் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளை ஆப்பிரிக்காவிலிருந்தெல்லாம் வரவழைத்து, வயரின் நிறத்தைக் காட்டியும் கைஜாடையிலும் சோலார் விளக்கு செய்யவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொடுத்தார்கள். ஏன் பாட்டிகள்? இளைஞர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தால் நகரத்துக்குப் போய்விடுவார்கள், பாட்டி ஊரிலேயே இருப்பார். ராயின் வாதம் இது. நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் பாடம் நடத்தியவன், அவர் சொல்வதை மறுக்க எனக்கு வாயில்லை. பம்பாய் ஐ.ஐ.டி.யும் 2014 வாக்கில் தொடங்கிய திட்டத்தில் படிப்பு விளக்குகளை அந்தந்த ஊர்ப் பெண்களைக் கொண்டே பூட்டவும் பழுது பார்க்கவும் வைத்தது.

சரி, சாமான்களுக்கு வருவோம். இந்த மேசையில் இருப்பவை நான்கு. ஒரு பேனல், ஒரு செல், ஒரு சார்ஜர் போர்டு, ஒரு சின்ன அலுமினியப் பட்டையில் ஒட்டிய இரண்டு எல்.இ.டி. இவ்வளவுதான் விளக்கு. மற்றதெல்லாம் பெட்டியும் வயரும் சில்லறைச் சாமான்களும்.

முதலில் செல். லித்தியம் என்றதும் உங்களுக்கு ஞாபகம் வருவது செல்போன் பேட்டரி வெடித்த செய்தி. பயம் நியாயமானது. லித்தியம் பேட்டரியில் பல ஜாதி உண்டு. 1991-இல் சோனி கடைக்குக் கொண்டுவந்தது கோபால்ட் ஆக்சைடு வகை. அதில் அளவுக்கு மீறி சார்ஜ் ஏறினாலோ சூடு மிஞ்சினாலோ கோபால்ட் ஆக்சைடு தன்னிடம் இருக்கும் ஆக்சிஜனை விட்டுவிடும். உள்ளே எரியக்கூடிய திரவம் இருக்கிறது. அப்புறம் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் உங்களை வாங்கச் சொல்வது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. கடையில் எல்.எஃப்.பி. என்று கேட்டால் தெரியும். இதில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு இறுக்கமாகக் கட்டுண்டு கிடக்கிறது, சூட்டுக்கு லேசில் விட்டுக்கொடுக்காது. முற்றிலும் ஆபத்தில்லாதது என்று எதையும் சொல்ல மாட்டேன். ஆனால் ஓலைக் கொட்டகையில் தொங்கவிடப்போகிற விளக்குக்கு இதைவிட்டு வேறு செல்லை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இந்தப் பாஸ்பேட் கதையில் ஒரு தமிழர் இருக்கிறார். ஆறுமுகம் மந்திரம். தென்தமிழ்நாட்டில் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்தவர். மதுரைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். குட்இனஃப் டெக்சாஸுக்கு மாறியபோது இவரும் கூடவே போனார். வெறும் ஆக்சைடுக்குப் பதிலாக சல்பேட் மாதிரியான கூட்டுத்தொகுதிகளைப் போட்டால் மலிவான இரும்பிலிருந்தே நல்ல வோல்ட்டேஜ் எடுக்கலாம் என்று 1980-களின் கடைசியில் இவர்கள் காட்டினார்கள். அந்த வழியில் போய்த்தான் 1997-இல் அக்ஷய பாதி உள்ளிட்ட குழு இரும்பு பாஸ்பேட்டைக் கொண்டுவந்தது. 2019-இல் குட்இனஃபுக்கும் ஸ்டான்லி விட்டிங்காமுக்கும் அகிரா யோஷினோவுக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. குட்இனஃபுக்கு அப்போது 97 வயது. ஸ்டாக்ஹோமில் அவர் சார்பாக நோபல் உரையை நிகழ்த்தியவர் மந்திரம். நம்முடைய பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு பத்தி இடம் கொடுத்தால் குறைந்தா போய்விடுவோம்?

என் கையில் இருப்பது 32 மில்லிமீட்டர் தடிமனுள்ள செல். 3.2 வோல்ட், 6 ஆம்பியர் மணி. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும். சிலர் பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுத்த செல்லில் செய்கிறார்கள். அவை 18650 என்ற ஒல்லியான வகை, பெரும்பாலும் கோபால்ட் கலந்தவை. எந்தச் செல் எவ்வளவு அடிபட்டது என்று வெளியே தெரியாது. பழகியவர்கள் செய்யட்டும், நீங்கள் வேண்டாம். அந்த ஒல்லி செல்லில் 9,900 மில்லி ஆம்பியர் மணி என்று அச்சடித்து விற்பவர்களும் இருக்கிறார்கள். அந்த அளவு செல்லில் உலகத்தின் பெரிய கம்பெனிகளே 3,500 சொச்சம்தான் தருகின்றன. 9,900 என்று எழுதியிருந்தால் பேரம் பேசாதீர்கள், கீழே வைத்துவிட்டு நகருங்கள்.

மோட்டார் சைக்கிளுக்குப் போடுகிற ஈய பேட்டரி மலிவாயிற்றே என்று கேட்பீர்கள். என் அடைமழைக் கணக்கு இங்கேதான் வருகிறது. ஈய பேட்டரியைக் காலியாகவோ பாதியாகவோ நாள் கணக்கில் விட்டுவைத்தால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அதாவது மழை வாரத்தில் அது பட்டினி கிடக்கிற ஒவ்வொரு நாளும் அதன் ஆயுள் குறைகிறது. இரண்டு கார்த்திகையில் அடங்கிவிடும். இரும்பு பாஸ்பேட் செல்லோ பாதி வயிற்றோடு ஒரு மாதம் கிடந்தாலும் சட்டை செய்யாது. அது முழு வயிறாகவே இருப்பதைவிட நடுவில் இருப்பதைத்தான் விரும்பும். இரண்டாயிரம் தடவைக்குக் குறையாமல் சார்ஜ் ஏறி இறங்கும்.

இனி கணக்கு. பயப்படாதீர்கள், பெருக்கலும் வகுத்தலும்தான். பேனல் 5 வாட், 6 வோல்ட். ஐந்தை ஆறால் வகுத்தால் 0.8 ஆம்பியர் சொச்சம். நம்மூரில் ஒரு நாளைக்கு முழு வெயில் என்று ஐந்து மணி நேரத்தை வைத்துக்கொள்ளலாம். ஆக 4 ஆம்பியர் மணி. தூசி, சூடு, வயர் எல்லாம் கால் பங்கைத் தின்றுவிடும். பேட்டரிக்குள் போவது 3. மழை மூட்டத்தில் இதில் ஐந்தில் ஒரு பங்கு, 0.6. விளக்கு 0.3 ஆம்பியர் எடுக்கிறது, மாலை ஆறிலிருந்து இரவு பதினொன்று வரை ஐந்து மணி நேரம், 1.5 செலவு. செல்லில் பயன்படுத்தக்கூடியது 5 என்று வையுங்கள்.

வெயில் நாளில் வரவு 3, செலவு 1.5. மழை நாளில் வரவு 0.6, செலவு 1.5, ஒரு நாளைக்கு 0.9 கைநஷ்டம். கையிருப்பு 5. சூரியனையே பார்க்காமல் ஐந்து இரவு தாண்டிவிடும். இதுதான் நான் சொன்ன விளக்கு. இதே சாமானில் கடைக்காரர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? பளிச்சென்று எரிந்தால்தான் ஜனங்கள் வாங்குவார்கள் என்று 3 வாட் எல்.இ.டி. போடுவார்கள். 0.9 ஆம்பியர், ஐந்து மணி நேரத்துக்கு 4.5. முதல் மழை இரவில் செல்லை வழித்து எடுத்துவிடும். இரண்டாம் இரவு ஒரு மணி நேரமும் கொஞ்சமும். மூன்றாம் இரவு நீங்கள் மெழுகுவர்த்தி தேடுவீர்கள். வாட்டை மூன்றில் ஒன்றாகக் குறைத்தது நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

இதையே கிரிவலக் கடைக்குப் போட்டால் கணக்கு தலைகீழாகும். குபேர லிங்கம் பக்கத்தில் பௌர்ணமிதோறும் சுண்டல் விற்கும் ஒரு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். தள்ளுவண்டியில் கடையில் வாங்கிய சோலார் விளக்கு ஒன்று தொங்கியது. "எட்டு மணிக்குப் பார்த்தா பகல் மாதிரி எரியுது சார். ஜனம் வர்ற நேரத்துக்குக் கண்ணை மூடுது. ரெண்டு மணிக்குச் சில்லறை தெரியலைன்னா நான் யார்கிட்ட போய் நிக்கிறது?" என்றார். பதினான்கு கிலோமீட்டர் நடையில் நள்ளிரவுக்குப் பிறகுதான் பசியே வரும், அவர் கேட்பது நியாயம். "பெரிய பேனல் வாங்கணுமா சார்?" என்றும் கேட்டார். வேண்டியதில்லை. அவருக்கு வேலை மாதத்துக்கு ஒரு ராத்திரி, மீதி நாளெல்லாம் சார்ஜ் ஏறும். சின்னப் பேனலே போதும், செல்தான் இரண்டு போட வேண்டும். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு அப்பால் இருக்கும் குடிசைக்கோ தினமும் வேலை, மழையில் மரம் விழுந்தால் கம்பி சரியாக நாளாகும். அங்கே பேனலைத்தான் பத்து வாட்டாக ஏற்ற வேண்டும். என்ன விளக்கு வேண்டும் என்று கேட்காதீர்கள். எத்தனை இரவு, ஒரு இரவுக்கு எத்தனை மணி என்று முதலில் எழுதுங்கள், விளக்கு தானாக வந்துவிடும்.

இப்போது பூட்டலாம். அந்த எல்.இ.டி.யை உற்றுப் பாருங்கள், எரியாதபோது நடுவில் மஞ்சளாக ஒரு புள்ளி தெரிகிறதா? அடியில் இருப்பது நீல ஒளி தரும் சில்லு. மேலே பூசியிருக்கும் மஞ்சள் பாஸ்பர் நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. சிவப்பும் பச்சையும் 1960-களிலிருந்தே உண்டு. நீலத்துக்காக உலகம் முப்பது வருஷம் காத்துக்கிடந்தது. அகசாகி, அமானோ, நகமுரா என்ற மூன்று ஜப்பானியர் 1990-களின் தொடக்கத்தில் அதைச் சாதித்தார்கள், 2014-இல் இயற்பியல் நோபல் வாங்கினார்கள். நீலம் இல்லாவிட்டால் இந்தக் கூட்டமே இல்லை.

ஒரு வாட் எல்.இ.டி. ஒன்றை முழு வேகத்தில் ஓட்டாமல் இரண்டை அரை வேகத்தில் ஓட்டுகிறோம். சூடு குறையும், ஆயுள் கூடும், வெளிச்சமும் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கும். இரும்பு பாஸ்பேட் செல்லுக்கும் வெள்ளை எல்.இ.டி.க்கும் ஜாதகப் பொருத்தம் உண்டு. செல் ஏறக்குறைய கடைசிவரை 3.2, 3.3 வோல்ட்டிலேயே நிற்கும். எல்.இ.டி. அரை வேகத்தில் கேட்பது 2.9. நடுவில் இருக்கும் அந்தச் சின்ன வித்தியாசத்தை ஒரு ரெசிஸ்டர் பார்த்துக்கொள்ளும். 2.2 ஓம், ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் தனித்தனியாக ஒன்று. உடம்பில் சிவப்பு, சிவப்பு, தங்கம், தங்கம் என்று நான்கு வரி இருக்கும். மூன்றாவது வரி கறுப்பாக இருந்தால் அது 22 ஓம், விளக்கு அழுதுவடியும். இரண்டு எல்.இ.டி.க்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போட்டு மிச்சம் பிடிக்காதீர்கள். இரண்டும் ஒன்றுபோல் இருக்காது, ஒன்று அதிகம் குடித்து முதலில் போய்விடும்.

சார்ஜர் போர்டில்தான் நிறைய பேர் வழுக்கி விழுகிறார்கள். கடையில் லித்தியம் சார்ஜர் கொடுங்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு டி.பி. 4056 என்ற சிவப்பு அல்லது நீல போர்டை எடுத்துக் கொடுப்பார்கள். அது 4.2 வோல்ட்டில் நிற்கும். சாதாரண லித்தியத்துக்குச் சரி. நம் செல் 3.6-க்கு மேல் போகக் கூடாது. இரும்பு பாஸ்பேட்டுக்கு என்று சொல்லி 3.6-இல் நிற்கும் போர்டைக் கேட்டு வாங்குங்கள், வீட்டுக்கு வந்து செல்லை இணைப்பதற்கு முன்னால் மல்டிமீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். செல் ஒரேயடியாக வற்றிவிடாமல் காக்கும் பாதுகாப்பு போர்டும் வேண்டும். 2.7 வோல்ட்டுக்குக் கீழே எல்.இ.டி. தானாகவே மங்கி, குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் என்பது நமக்கு அதிர்ஷ்டம். ஆனாலும் சொட்டுச் சொட்டாக இழுத்துக்கொண்டேதான் இருக்கும். ராத்திரியில் பேட்டரி மின்சாரம் பேனல் வழியாகத் திரும்பிப் போகாமல் தடுக்க ஒரு டயோடு. சில போர்டில் அது உள்ளேயே இருக்கும்.

செல்லின் தலையில் நேரடியாக சாலிடரிங் கம்பியை வைக்காதீர்கள். ஈயம் உருகுகிற சூடு உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வைக் கெடுத்துவிடும். ஹோல்டரில் செருகுங்கள், அல்லது நிக்கல் பட்டை ஸ்பாட் வெல்டிங் செய்த செல்லாக வாங்கி அந்தப் பட்டையில் பற்றவையுங்கள். வேலை செய்யும் மேசையில் மோதிரம், வளையல், சாவிக்கொத்து வேண்டாம். இந்தச் செல்லின் இரண்டு முனையும் ஒரு வளையலில் பட்டால் வளையல் பழுத்துக் கையில் ஒட்டிக்கொள்ளும்.

பெட்டிக்கு என்ன போடலாம் என்பது உங்கள் கைவரிசை. நாலு அங்குலப் பி.வி.சி. குழாய்த் துண்டும் இரண்டு மூடியும் போதும். பால் வெள்ளை நிறத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பா மூடியை முன்னால் வைத்தால் கண் கூசாது. மாணவர்கள் எவர்சில்வர் டிபன் பாக்ஸில் செய்து கொண்டுவருவார்கள். அழகாகத்தான் இருக்கும், உள்ளே ஒரு வயர் பிரிந்து உலோகத்தில் பட்டால் அழகு போய்விடும்.

செல்லைப் பேனலின் முதுகில் ஒட்டிவைப்பது இன்னொரு வழக்கம். கடை விளக்குகளில் அப்படித்தான் இருக்கும், ஒரே பெட்டியாக விற்பது சுலபம் என்பதால். வைகாசியில் நம்மூர்த் தகரக் கூரைமேல் பேனலின் முதுகு அறுபது டிகிரியைத் தாண்டும். நாற்பத்தைந்துக்கு மேல் லித்தியம் செல்லை சார்ஜ் செய்யக் கூடாது. பேனல் வெளியே காயட்டும், செல் வீட்டுக்குள் நிழலில் இருக்கட்டும், நடுவே ஒரு வயர். பத்து மீட்டர் இழுப்பதாக இருந்தால் ஒரு சதுர மில்லிமீட்டர் வயர் போடுங்கள், காதுக் கருவிக்கு வருகிற மாதிரி நூல் வயர் வேண்டாம்.

பேனலை எந்தச் சாய்வில் வைப்பது? திருவண்ணாமலை வடக்கே 12 டிகிரியில் இருக்கிறது, அதனால் தெற்கு பார்த்து 12 டிகிரி சாய்த்தால் வருஷம் முழுக்கச் சராசரியாக நல்ல பலன் என்று புத்தகத்தில் இருக்கும். எனக்குச் சராசரி வேண்டாம். சித்திரையில் உச்சி வெயில் நேராகத் தலைமேல், ஆனியில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும், மார்கழியிலோ நடுப்பகலிலேயே தெற்கே முப்பத்தைந்து டிகிரி சாய்ந்து நிற்கும். நான் இருபத்தைந்து டிகிரி வைக்கச் சொல்வேன். ஒரு அடி நீளமுள்ள பேனலின் வடக்கு விளிம்பை ஐந்து அங்குலம் தூக்கினால் அதுதான் கணக்கு. கோடையில் கொஞ்சம் இழப்போம், இழந்தால் என்ன, அப்போது மிஞ்சிக்கிடக்கிறது. இந்தச் சாய்வில் மழைத்தண்ணீர் தூசியையும் அடித்துக்கொண்டு போய்விடும். இன்னும் சாய்க்கலாமே என்றால், மூட்டமான நாளில் வெளிச்சம் வானம் முழுவதிலிருந்தும் வருகிறது, ரொம்ப நிமிர்த்தினால் பாதி வானத்துக்கு முதுகைக் காட்டிவிடும்.

குரங்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஊரில் சோலார் பொருத்துகிறவருக்கு எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தராத அத்தியாயம் அது. தொங்குகிற வயர் என்றால் அவற்றுக்கு ஊஞ்சல். பேனலில் தன் முகம் தெரிந்தால் சண்டைக்கு வரும். வயரைக் குழாய்க்குள் விட்டு ஆணியடித்து இறுக்குங்கள், பேனலை நான்கு மூலையிலும் போல்ட் போடுங்கள். வெற்றுக் கம்பி வேலி, கண்ணாடிச் சில் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள், அதெல்லாம் பாவம், வேண்டாம்.

வாங்கும்போது ஏமாறாமல் இருக்க ஒரு வழி. மதியம் பன்னிரண்டு மணிக்குக் கடைக்குப் போங்கள். பேனலை வாசலில் வெயிலுக்கு நேரே பிடித்து, மல்டிமீட்டரை ஆம்பியரில் வைத்து இரண்டு வயரையும் தொடுங்கள். சின்னப் பேனலுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. 5 வாட், 6 வோல்ட் என்று ஒட்டியிருந்தால் 0.8-க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். 0.4 காட்டினால் அது இரண்டரை வாட் பேனல், ஸ்டிக்கர்தான் ஐந்து வாட். செல்லைச் சோதிக்க வீட்டில் முழு சார்ஜ் ஏற்றிவிட்டு விளக்கை அணைக்காமல் விட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். 0.3 ஆம்பியரில் பதினாறு மணி நேரம் எரிந்தால் செல் உண்மையைச் சொல்கிறது. எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடியும், மல்டிமீட்டர் நீங்கலாக. செல் ஆயுள் முடிந்தால் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள், அடுப்பில் போட்டுப் பார்க்காதீர்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பேட்டரி தயாரிக்கிறவர்களுக்கு அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு இருக்கிறது. விற்ற கடையில் கேளுங்கள், கேட்கக் கேட்கத்தான் வாங்குவார்கள்.

கடைசியாக, எந்தக் கூட்டத்திலும் வரும் கேள்வி. இதில் செல்போன் சார்ஜ் செய்யலாமா? பின்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கத் தயாராக இருப்பது தெரிகிறது. செய்யலாம். இன்றைய போன் பேட்டரி ஒன்று முழுதாக நிரம்ப நம் செல்லையே ஏறக்குறைய காலி செய்யும். அதாவது ஒரு போனுக்கு மூன்று இரவு வெளிச்சத்தைக் கொடுக்க வேண்டும். வீட்டில் ஒரு போர்ட் வைத்தால் யார் முதலில் செருகுவார்கள், எவ்வளவு நேரம் விடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். புயலில் போனும் வேண்டும்தான், நான் மறுக்கவில்லை. அதற்கென்று இன்னொரு செல், இன்னொரு போர்டு, தனிப் பெட்டி. விளக்கின் செல்லில் போன் வயரைக் கொண்டுவந்து சேர்க்காதீர்கள். போன் பெட்டிக்கான படம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது.

ஐப்பசி பிறக்க இன்னும் சில நாள்தான் இருக்கிறது. மேசைக்கு வாருங்கள், கண்ணாடி போட்டவர்களும் பெண்களும் முதலில். சாலிடரிங் கம்பி சூடாகிக்கொண்டிருக்கிறது, மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மல்டிமீட்டர் இரண்டுதான் இருக்கிறது, ஒருவர் பார்த்து முடித்ததும் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுங்கள்.